குடல் அழற்சி நோயும் கொழுப்புணவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் குடல் நோயைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளை மாதந்தோறும் எடை குறைந்து, தேர்வு அறையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து அமர்ந்திருக்க இயலாமல், வெட்கத்தால் காரணத்தையும் சொல்லாமல் படிப்பை விட்டுவிடுமானால், நாம் அளித்த உதவித்தொகையும் புத்தகங்களும் என்ன பயன் தரும்? உடலை அறிவதும் கல்வியே. ஆதலின் குடல் அழற்சி நோயில் உணவின் பங்கு யாது, குறிப்பாகக் கொழுப்புணவின் பங்கு யாது என்பதை இன்று நாம் ஆராய்வோம். பத்தியம் என்ற பெயரால் நோயாளியைப் பட்டினி போடலாகாது என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்தாகும்.

குடல் அழற்சி நோய் என்பது இரண்டு நோய்களின் பொதுப்பெயர். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, இரத்தமும் சளியும் கலந்து கழிவது ஒன்று. இதனை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பர். 1859-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதனை எடுத்துரைத்தார். வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியிலும் தோன்றக்கூடியதும், பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கி, குடற்சுவரின் முழுக் கனத்தையும் அரிப்பதுமானது மற்றொன்று. 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பரில் குரோன் என்பவரும் அவர்தம் தோழர் இருவரும் இதனை விளக்கி எழுதியமையால் இது குரோன் நோய் எனப் பெயர் பெற்றது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே தாக்குவதே இவ்விரண்டிற்கும் அடிப்படை. இவை தொற்று நோய்கள் அல்ல. நோயாளியின் தட்டிலிருந்தோ துணியிலிருந்தோ பிறர்க்குப் பரவுவதில்லை.

இவை மேனாட்டுச் செல்வர்க்கே வரும் நோய்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. பஞ்சாபில் லூதியானா மருத்துவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஓரிலட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்குப் பெருங்குடற் புண் இருப்பது அதனால் தெரிய வந்தது. இந்நோய் நம் நாட்டிலும் உள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நம் மலைச்சரிவுக்கு வருவோம். விடியுமுன் போடியிலிருந்தும் சுற்றுச் சிற்றூர்களிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு நம் பெண்கள் செல்கின்றனர். கொண்டைஊசி வளைவுகளில் வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. தோட்டத்தில் நிரை பிடித்துக் காய் எடுக்கும்போது நினைத்த நேரத்தில் ஒதுங்கவும் இயலாது. நாளொன்றுக்குப் பத்து முறை வயிறு போகும் ஒருத்தி அங்கே என்ன செய்வாள்? காலையில் உண்ணாமல் செல்வாள். பகலில் நீரும் அருந்தமாட்டாள். உண்டால்தானே போகும் என்பது அவள் கணக்கு. இவ்வாறு நோய் பாதியும் பட்டினி பாதியுமாக அவள் உடல் உருகிவிடும்.

கேட்பவர்களோ மூலம் என்பர், உடற்சூடு என்பர். மூலத்திற்கெனச் சுண்ணாம்புச் சுவரில் விளம்பரம் எழுதியவரிடம் அழைத்துச் செல்வர். இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. குரோன் நோயும் குடற்காச நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். காய்ச்சல், எடைக் குறைவு, வயிற்று வலி ஆகியவை இரண்டிற்கும் பொது. காசத்தைக் குரோன் எனக் கருதி ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் காசம் பெருகும். குரோனைக் காசம் எனக் கருதினால் பல மாதங்கள் வீணாகும். உள்நோக்குக் கருவியால் குடலைப் பார்த்து, சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து, தேர்ந்த மருத்துவர்களே முடிவு கூற வேண்டிய நோய் இது. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும் நமக்கு உள்ளன. ஆறு வாரங்களுக்கு மேல் வயிற்றுப்போக்கு நீடித்தாலும், இரத்தம் கலந்து போனாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் அங்கே செல்லத் தயங்கலாகாது.

நோய் இன்னதெனத் தெரிந்தபின் எழும் முதற்கேள்வி, என்ன உண்பது என்பதே. எண்ணெயை அடியோடு நிறுத்து, முட்டையை நிறுத்து, கறியை நிறுத்து, கஞ்சி மட்டும் கொடு என்று ஊரார் நால்வரும் நான்கு பத்தியம் சொல்வர். பத்தியம் என்பது நம் மரபு மருத்துவத்தின் சொல். சித்த மருத்துவராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதரைப் பெற்ற சமுதாயம் நாம். ஆகவே பத்தியத்தை இகழவில்லை. எதனை, எப்போது, எக்காரணத்தால் விலக்குகிறோம் என்று அறிந்து விலக்குவதே பத்தியம் என்கிறோம். அதற்குக் கொழுப்பு உடலில் செல்லும் வழியை அறிதல் வேண்டும்.

நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் நீரில் கரையா. கல்லீரல் சுரக்கும் பித்தநீரிலுள்ள பித்த உப்புகள், சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பதுபோல, கொழுப்பை நுண்துளிகளாக்குகின்றன. கணையம் சுரக்கும் லைபேஸ் என்னும் நொதி அத்துளிகளை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கின்றது. சிறுகுடற் சுவர் அவற்றை உறிஞ்சி நிணநீர்க் குழாய்களின் வழியே இரத்தத்தில் சேர்க்கின்றது. வேலை முடிந்த பித்த உப்புகள் வீணாவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் நூற்றுக்கு 95 பங்கு அளவில் அவை மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகின்றன. ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த நடைக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்பைப் போல, அதே பித்த உப்பு ஒரு நாளில் பல நடை செல்கின்றது.

குரோன் நோய் பெரிதும் தாக்குவது அந்த இலியத்தைத்தான். திரும்பும் பாதை பழுதானால் பித்த உப்பு பெருங்குடலுக்குள் வழிந்து நீர்போன்ற கழிச்சலை உண்டாக்கும். நோயினாலோ அறுவையினாலோ ஏறத்தாழ 100 சென்டிமீட்டருக்கு மேல் இலியம் பயனிழந்தால், இழந்த அளவுக்குப் பித்த உப்பைக் கல்லீரலால் ஈடுசெய்ய முடிவதில்லை. அப்போது கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகும். மலம் வெளிறி, மிகுந்த நாற்றத்துடன், எண்ணெய்ப் படலம் கொண்டு நீரில் மிதக்கும். நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு உண்ணும் நலமுள்ளவரின் மலத்தில் 7 கிராமுக்கு மேல் கொழுப்பு இராது. அதற்கு மேற்பட்டால் கொழுப்பு உறிஞ்சப்படவில்லை என்று பொருள்.

இழப்பு கொழுப்போடு நிற்பதில்லை. ஏ, டி, ஈ, கே என்னும் வைட்டமின்கள் கொழுப்பில் கரைந்தே உடலில் சேர்பவை. ஏ குறைந்தால் மாலைக்கண்; டி குறைந்தால் எலும்பு நலிவு; கே குறைந்தால் இரத்தம் உறையாமை. பி-12 உறிஞ்சப்படுவதும் அதே இலியத்தில்தான் என்பதால் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் உடன்வரும். செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால், கால்சியத்தோடு சேர்ந்து கழிய வேண்டிய ஆக்சலேட் உடலுக்குள் ஏறிச் சிறுநீரகக் கல்லாக மாறும். குடல் நோயாளிக்கு ஏன் கல் வந்தது என்று வியப்போர்க்கு இதுவே விடை.

கொழுப்பு உறிஞ்சப்படாமையின் கொடுமையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் முன்பே கண்டிருக்கின்றன. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்ட ஊர்களில் ஸ்புரூ என்னும் நோய் கொள்ளை நோய்போலப் பரவியது. அது வேறு நோய். ஆயினும் சிறுகுடல் கெட்டுக் கொழுப்பும் பி-12-உம் வீணாகும் முறை ஒத்ததே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஊர்களுக்கே சென்று ஆராய்ந்தனர். ஏழைக் குடிசையின் வயிற்றுப்போக்கும் உலக மருத்துவ இதழ்களில் எழுதத்தக்க அறிவுப் பொருளே என்பதை அவர்கள் பணி மெய்ப்பித்தது.

இதுகாறும் கூறியது சிறுகுடலின் நிலை. பெருங்குடலின் நிலை வேறு. அங்கே கொழுப்பு வெளியிலிருந்து வருவதில்லை, அங்கேயே ஆக்கப்படுகின்றது. செரிக்காமல் வந்து சேரும் மாவுப்பொருளையும் நார்ப்பொருளையும் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சிறுசங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்று பியூட்டிரிக் அமிலம். வெண்ணெயில் முதலில் கண்டறியப்பட்டதால் வெண்ணெயின் பெயரையே பெற்றது. பெருங்குடற் சுவரின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை இவ்வமிலத்திலிருந்தே பெறுகின்றன. பெருங்குடற் புண் நோயில் அவ்வுயிரணுக்கள் இதனைச் சரிவரப் பயன்படுத்த இயலாமல் பசியில் வாடுகின்றனவோ என்னும் கேள்வியை 1980-இல் ரோடிகர் என்னும் ஆய்வாளர் எழுப்பினார். அக்கேள்வி இன்றும் ஆய்வுக்கு வழிகாட்டி நிற்கின்றது.

இங்கேதான் நம் அடுப்படியின் பழைய சோறு அறிவியலின் முன் வந்து நிற்கின்றது. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாவாக மாறுகின்றது. அதுவே பெருங்குடலைச் சேர்ந்து நுண்ணுயிர்க்கு உணவாகி, மேற்சொன்ன அமிலத்தைத் தருகின்றது. செரிக்காத மாவை உப்புச்சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தால் காலரா நோயாளியின் கழிச்சல் விரைவில் குறைவதை வேலூரில் பி.எஸ். இராமகிருஷ்ணாவும் அவர்தம் குழுவினரும் மெய்ப்பித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குடல் அழற்சி நோயில் பழைய சோற்றின் பயனைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அரசு உதவியோடு ஆராயத் தொடங்கினர். கூலிக்காரன் சோறு, ஏழைச் சோறு என்று இகழப்பட்டதும், நம் பிள்ளைகள் பள்ளியில் தூக்குவாளியைத் திறக்கவே கூசியதுமான உணவு இன்று ஆய்வுக்கூடத்தில் மதிப்புடன் எடைபோடப்படுகின்றது.

ஆயினும் பெருமிதம் அறிவை மறைத்துவிடலாகாது. பழைய சோறு மருந்துக்குத் துணை, மாற்று அன்று. நீர் தூய்மையற்றதானால் அதுவே நஞ்சு. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து உண்பவர்க்கு அழுக்கு நீரின் கேடு பன்மடங்கு. ஆகவே கொதிக்கவைத்து ஆறிய நீரையே ஊற்ற வேண்டும். கலத்தைக் கழுவி மூட வேண்டும். ஓரிரவுக்கு மேல் வைத்தலாகாது. பொதுக் குளத்து நீரை அருந்தும் உரிமைக்காக 1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரில் மக்களை அழைத்துச் சென்றார். குடிக்கும் நீர் தூயதாக இருக்க வேண்டும் என்பதும் அவ்வுரிமையில் அடங்கியதே. ஏலக்காயும் அவ்வாறே. வாய்க்கு மணமும் சுவையும் தரும். குடற்புண்ணை ஆற்றுவதாக நிறுவப்பட்ட மருந்தன்று.

இனி உணவு முறையைத் தொகுத்துரைப்போம். நோய் முற்றியிருக்கும் நாட்களில் குடலுக்கு வேலை குறைவாக இருக்க வேண்டும். குழைந்த சோறு, இட்லி, தோல் நீக்கிய பருப்பு, வேகவைத்த முட்டை, ஆவியில் வெந்த மீன், கனிந்த வாழைப்பழம் ஆகியன ஏற்றவை. ஒரே வேளையில் வயிறு நிறைய உண்ணாமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்து உண்ணலாம். குடல் சுருங்கி வழி குறுகியவர்கள் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, விதையுள்ள காய்கள் முதலியவற்றை விலக்க வேண்டும். நோய் தணிந்தபின் கேழ்வரகும் கீரையும் காயும் சிறிது சிறிதாகத் திரும்ப வேண்டும். என்றென்றும் கஞ்சியிலேயே நிறுத்திவைப்பது நோயை வளர்ப்பதாகும்.

புரதத்தைக் குறைக்கவே கூடாது. நோய் முற்றியிருக்கும் காலத்தில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது மருத்துவர்தம் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ளவர்க்கு இது 60 முதல் 75 கிராம். ஒரு முட்டை தருவது ஏறத்தாழ 6 கிராம் என்றால், கஞ்சி மட்டும் உண்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். குரோன் நோயுள்ள குழந்தைகட்கு மருத்துவர் மேற்பார்வையில் 6 முதல் 8 வாரங்கள் வேறெந்த உணவுமின்றி முழுச்சத்துப் பால்மக் கரைசலை மட்டும் கொடுத்தே நோயைத் தணிக்கின்றனர். அது பட்டினியின் வெற்றி அன்று. நிறைந்த ஊட்டத்தின் வெற்றி.

கொழுப்பைப் பற்றிய விதியும் இதனின்று தெளியும். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகின்றது. மெலிந்த உடலுக்கு அவ்வாற்றலைக் காரணமின்றி மறுத்தலாகாது. பெருங்குடலில் மட்டும் புண் உள்ளவர்க்குச் சிறுகுடல் நலமாக இருப்பதால் அளவான எண்ணெய் செரிக்கும். மலத்தில் கொழுப்பு போகும் குரோன் நோயாளிக்கே எண்ணெயும் நெய்யும் குறைய வேண்டும். அவர்க்கு நடுச்சங்கிலிக் கொழுப்பு துணையாகும். அது பித்த உப்பை நம்பியிராமல் நேரே கல்லீரலுக்குச் செல்வது. தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது அது. ஆனால் கடைத் தேங்காயெண்ணெயில் அதன் பங்கு சிறிதே. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது.

எண்ணெயின் வகையும் கருதத்தக்கது. சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள லினோலிக் அமிலத்தை மிகுதியாக உண்பவர்க்குப் பெருங்குடற் புண் வரும் வாய்ப்பு மிகுவதாக 2009-இல் ஐரோப்பிய ஆய்வொன்று கூறியது. அதற்காக மீன் எண்ணெய் மாத்திரையை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டா. குரோன் நோய் மீளாமல் அது தடுக்கவில்லை என்று 2008-இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் முடிவு கூறின. மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தல் நலம். அதில் புரதமும் கிடைக்கும்.

மாட்டிறைச்சியைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசுவோம். நீங்கள் உண்ணும் உணவால்தான் நோய் வந்தது என்று நம்மவரிடம் சொல்வோர் உளர். அறிவியல் கூறுவது இது: நோய் தணிந்த குரோன் நோயாளிகளுள் சிவப்பிறைச்சியைக் குறைத்தவர்க்கும் குறைக்காதவர்க்கும் நோய் மீளுவதில் வேறுபாடில்லை என்று 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. பெருங்குடற் புண்ணிலோ, சிவப்பிறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் மதுவும் மிகுந்தவர்க்கு நோய் மீளும் வாய்ப்பு மிகுதி என்று 2004-இல் வெளியான ஆங்கிலேய ஆய்வு கண்டது. ஆகவே பெருங்குடற் புண் உள்ளவர் அளவைக் குறைத்து, கொழுப்பு நீக்கி, நன்கு வேகவைத்து உண்பது தக்கது. மதுவை விடுவது கட்டாயம். இது நோயைப் பற்றிய கணக்கு. எவர் சாதியைப் பற்றிய கணக்கும் அன்று.

இவ்வளவும் அறிந்து நம் சங்கம் செய்யத்தக்கவை சில உள. மாலைப் பாடசாலைகளில் மாதம் ஒருமுறை பிள்ளைகளை எடை பார்த்துக் குறித்து வைக்கலாம். இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால் பெற்றோரை அழைத்துப் பேசலாம். மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சும் தாய்மார்களோடு படித்த இளைஞர் ஒருவர் உடன் செல்லலாம். நோயுள்ள மாணவர்க்குத் தேர்வின்போது வெளியே சென்றுவர அனுமதி கேட்டுத் தலைமையாசிரியர்க்கு எழுதித் தரலாம். தோட்டங்களில் தொழிலாளர்க்குக் குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. அதனைக் கேட்டுப் பெறுவது சலுகை அன்று. கழிப்பிடம் இருந்தால்தான் நம் பெண்கள் காலையில் உண்டு செல்லத் துணிவர். உண்டால்தான் மருந்தும் பயன்படும். உணவு மருத்துவம் அடுப்படியில் மட்டும் நடப்பதன்று என்பது இதனால் விளங்கும்.

மருந்தை இடையில் நிறுத்தலாகாது, மருத்துவர் சொல்லாத பத்தியத்தை ஏற்கலாகாது, நோயை மறைக்கலாகாது. இம்மூன்றையும் இன்றிரவே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.